மேசைமேல் ஏழாம் எண்

வெள்ளிக்கிழமை மாலை நாலரைக்கு
உலையை விட்டு வெளியே வந்தது ஏழாம் எண்.
ஆயிரத்து நூற்று நாற்பது முறை
வெந்து ஆறி வெந்து ஆறிய வில்லை.
ஐம்பது நிமிடம் ஆயிரத்து நூறு டிகிரி,
பத்து நிமிடம் விசிறிக் காற்று,
சேர்ந்தால் ஒரு சுற்று.
நடுவில் இரண்டு தடவை லோட் ஷெடிங்.
இருட்டில் தானாகவே ஆறிய அந்த இரண்டையும்
சேர்ப்பதா விடுவதா என்று
லுங்கிலேயும் நானும் சண்டை போட்டோம்.
சேர்த்தோம்.

அடியில் நிக்கல். அதன்மேல் பிடிமானப் பூச்சு.
அதற்கும் மேல்
அப்பளத்தைவிட மெல்லிய வெள்ளைப் பீங்கான்.
நெருப்புக்கும் உலோகத்துக்கும் இடையே
இருப்பது அவ்வளவுதான்.
ஆனால் பூச்சுக்கும் பீங்கானுக்கும் நடுவில்
யாரும் பூசாத ஒன்று வளர்கிறது,
தலைமயிரில் பத்தில் ஒரு பங்கு,
சூடு தானே நெய்துகொள்ளும் ஆக்சைடு.
அது இருப்பதால்தான் உலோகம் பிழைக்கிறது.
அது தடிப்பதால்தான் பீங்கான் கழல்கிறது.

லென்ஸ் வைத்து விளிம்பெல்லாம் பார்த்தேன்.
கீறல் இல்லை.
‘பெயரவில்லை’ என்று எழுதி
தி. நாயக்கர் என்று கையெழுத்திட்டு
கதவைப் பூட்டினேன்.

சனி ஞாயிறு மெரேபேங்கில் மழை.
கொடியில் போட்ட சீருடை காயவில்லை.
உப்பு கட்டி தட்டிப்போய்
ஸ்பூனை நிமிர்த்தி வைத்துக்கொண்டது.
கடல் ஜன்னல் வழியாக உள்ளே வந்து
படுக்கை விரிப்பில் படுத்துக் கிடந்தது.

திங்கள் காலை ஏழு நாற்பது.
கெட்டிலைப் போட்டேன்.
டிக்.
பல்லி என்று நினைத்தேன்.
கிழக்கா மேற்கா என்று திரும்பிப் பார்த்தால்
மேசைமேல் ஏழாம் எண்
தன் வெள்ளையைக் கழற்றிப் பக்கத்தில் போட்டிருந்தது,
அவித்த முட்டையின் ஓடு போல, ஒரே துண்டாக.
அடியில் உலோகம், அவமானப்பட்ட மாதிரி, பளபளவென்று.
அறையின் வெப்பம் இருபத்து நாலு டிகிரி.

பிரிட்டோரியஸ் சொன்னார்:
“உலைக்கு வெளியே வந்ததும் சோதனை முடிந்தது.
மேசையில் நடப்பது மேசையின் பிரச்சினை.”
கெட்டவர் இல்லை.
வியாழக்கிழமைக்குள் ஒரு எண் கொடுத்தாக வேண்டும்.
நான் கேட்டேன்: டர்பைனையும் வெள்ளி இரவு நிறுத்துவார்களே,
அதற்குள்ளும் ஞாயிறு வராதா?

அவர் போன பிறகு எட்டாம் எண்ணை எடுத்தேன்.
குழாய்த் தண்ணீர், ஒரு சொட்டு.
லுங்கிலே போனில் விநாடி எண்ணினாள்.
பத்து. முப்பது. நாற்பது.
சிரிக்கத் தொடங்கினாள்.
நாற்பத்தாறில் ஒரு மூலை எழுந்தது,
தூக்கத்தில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல;
பிறகு முழுதும் துள்ளி
தரையில் எங்கோ விழுந்தது.
சிரிப்பு நின்றுவிட்டது.

“என் பெரியம்மா இப்படித்தான்,” என்றாள்,
“சவ அடக்கத்தில் ஒரு சொட்டு கண்ணீர் இல்லை.
மூன்றாம் நாள்
இரவல் வாங்கிய டீஸ்பூன்களை எண்ணும்போது...”
அதை அறிக்கையில் போட முடியாது என்றேன்.
“போடச் சொல்லவில்லையே.”

‘பெயரவில்லை’ என்பதை ஒரே கோட்டில் அடித்தேன்,
அடித்தது படிக்கிற மாதிரி.
கீழே எழுதினேன்:
சுற்றுகள் ஆயிரத்து நூற்று நாற்பது.
அதன்பின் அறுபத்து மூன்று மணி நேரம், வெறும் காற்றில்.
எண் எது என்று
வாடிக்கையாளரே முடிவு செய்துகொள்ளட்டும்.

ஒன்பதாம் எண்ணுக்கும் ஒரு சொட்டு விட்டோம்.
ஒன்றும் ஆகவில்லை.
மறுநாளும் விட்டோம். ஒன்றும் ஆகவில்லை.
ஏன் என்று எனக்குத் தெரியாது.
இன்னும் அதே மேசையில்தான் இருக்கிறது.
கெட்டிலை நடைக்கு மாற்றிவிட்டோம்.
பிரிட்டோரியஸ்கூட
அந்தப் பக்கம் போகும்போது
கதவை மெதுவாகத்தான் சாத்துகிறார்.